உங்களுக்குத் தெரியுமா? மலையை வென்ற ஒற்றை சைக்கிள்கள்!

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதன் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வையுங்கள். அப்போதும் லடாக்கின் தங்லங் லா கணவாயை எட்ட முடியாது. அதன் உயரம் 5,328 மீட்டர்! அந்தக் கணவாயை சைக்கிளில் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணைக்கு ஆள் கிடையாது. பின்னால் வண்டி கிடையாது. தன்னந்தனியாக!

மணாலியில் கிளம்பி லேயில் முடிகிற பாதை அது. ரோத்தாங் வழியாகப் போனால் 470 கிலோமீட்டருக்கும் மேல். குறுக்கே நிற்பவை ஐந்து கணவாய்கள். ரோத்தாங், பாரலாச்சா, நக்கீ லா, லாச்சுலுங் லா, தங்லங் லா. கடைசி இரண்டும் 5,000 மீட்டரைத் தாண்டியவை! காரில் இரண்டு நாள். சைக்கிளில் பெரும்பாலோருக்கு எட்டு முதல் பத்து நாள்!

வழியில் தாண்டி என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். அதன் பக்கத்தில் பல ஆண்டுகளாக நின்ற அறிவிப்புப் பலகை ஊர் உலகமெல்லாம் பிரபலம். அடுத்த பங்க் எத்தனை தூரத்தில் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. 365 கிலோமீட்டர்! பைக்காரர்கள் கேன் கேனாக நிரப்பிக்கொள்வார்கள். சைக்கிள்காரர் தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்!

அதே தாண்டியில் இன்னொரு அதிசயம். பாரலாச்சாவின் ஒரு பக்கம் சந்திரா நதி பிறக்கிறது, மறுபக்கம் பாகா. இரண்டும் மலையை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து தாண்டியில் சந்திக்கின்றன. அங்கிருந்து அது சந்திரபாகா. கீழே போனதும் செனாப்! கணவாயை நோக்கி ஏறுகிற சைக்கிள்காரர் ஒரு பெரிய நதியின் தொட்டில் வரைக்கும் கூடவே போகிறார்.

ஓடைகளைக் காலையில்தான் கடக்க வேண்டும். ஏன் தெரியுமா? வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். விடிகாலையில் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓடிய தண்ணீர், பிற்பகலில் முழங்காலைத் தொடும். ஒரே ஓடை, ஒரே நாள்!

சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டினால் காட்டா லூப்ஸ். எண்ணி 21 கொண்டை ஊசி வளைவுகள். பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவெஸ் ஏற்றத்திலும் எத்தனை தெரியுமா? அதே 21! அங்கே ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை உண்டு. அடிவாரத்தில் 21 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும். ஏறுகிறவருக்கு மிச்சம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வருகிற மலை! இத்தாலியின் ஸ்டெல்வியோவில் 48. அந்தச் சாலை போட்டு முடித்தது 1825-இல், பெடல் வைத்த சைக்கிளுக்கே இன்னும் உருவம் வராத காலம். நம் கொல்லிமலையில்? 70! இதைப் படித்துவிட்டு நாமக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

காட்டா லூப்ஸில் ஒரு வளைவோரம் குட்டியாக ஒரு கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள். நூற்றுக்கணக்கில்! பனியில் சிக்கித் தாகத்தோடு உயிரைவிட்ட ஒரு லாரி கிளீனரின் ஆவி அங்கே தண்ணீர் கேட்கிறது என்பது அந்தப் பாதையின் கதை. அதனால் போகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். சிலர் சிகரெட்டும் வைக்கிறார்கள். ஒவ்வொரு மிடறையும் அளந்து குடிக்கிற சைக்கிள்காரரும் நின்று வைத்துவிட்டுப் போகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்!

மேலே ஏறினால் வெறும் செங்குத்து என்று நினைத்தீர்களா? மோரே சமவெளி என்று ஒன்று வருகிறது. சுமார் 40 கிலோமீட்டருக்குச் சப்பட்டையான தரை. உயரமோ 4,700 மீட்டர்! ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் மான்ட் பிளாங்க் உச்சியே 4,800 மீட்டருக்குச் சற்று மேல்தான். இங்கே அந்த உயரத்தில் ஒருவர் ஹாயாக சைக்கிள் மிதித்துப் போகலாம்!

ஹாயாக என்று சொன்னது கண்ணுக்குத்தான். தங்லங் லா உச்சியில் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரையில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதிதான்! தண்ணீர் அங்கே 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது!

பாங் என்ற இடத்தில் ஊரே கிடையாது, கூடாரங்கள்தான். பழைய பாராசூட் துணியை விரித்துக் கட்டிய தாபாக்கள்! நடுவில் ஒரு கம்பு, ஓரமெல்லாம் திண்டு, அதன்மேல் மடித்து வைத்த ரஜாய்கள். உள்ளே அடுப்பில் எப்போதும் டீ. மேகியோ பருப்புச் சோறோ சாப்பிட்டுவிட்டு அதே திண்டில் படுத்துக்கொள்ளலாம். 4,600 மீட்டர் உயரத்தில் படுக்கையோடு ஒரு ஹோட்டல்! குளிர்காலம் வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கடைக்காரர்கள் கீழே இறங்கிவிடுவார்கள்.

லேயிலிருந்து கர்துங் லா கணவாய் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் 1,850 மீட்டருக்கும் மேல்! உச்சியில் பல ஆண்டுகளாக நின்ற பலகை 18,380 அடி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. நவீனக் கருவி வைத்து அளந்தார்கள். வந்தது 17,582 அடி! கிட்டத்தட்ட 800 அடியைக் காணோம். பலகைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை மட்டும் குறையவே இல்லை!

அசல் உயரம் வேண்டுமென்றால் உம்லிங் லா போங்கள். 19,024 அடி. 2021-இல் கின்னஸ் அங்கீகரித்த சாலை. எவரெஸ்டுக்கு ஏறுகிறவர்கள் நேபாளத்தில் கூடாரம் அடிக்கிற அடிவார முகாம் 5,364 மீட்டர். இந்தச் சாலை அதைவிட 400 மீட்டருக்கும் மேல் உயரம்! தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள், சைக்கிளும் போயிருக்கிறது!

இனி ஆட்களுக்கு வருவோம். முதலில் ஒரு பெண். அவரைத் தவிர வேறு யாரை முதலில் சொல்வது!

டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சின்ன ஊர்க்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு இரண்டு பரிசுகள் வந்தன. ஒன்று பழைய சைக்கிள், மற்றொன்று பழைய அட்லஸ். சில நாளில் ஊருக்குப் பக்கத்து மேட்டில் மிதித்து ஏறிக்கொண்டிருந்தபோதே முடிவு எடுத்துவிட்டார். இப்படியே மிதித்தால் இந்தியா! அந்த முடிவை நடத்திக் காட்டியபோது வயது 31!

நடுவில் இருபது ஆண்டுகள் என்ன செய்தார்? அதில் பெரும்பகுதி, நோயால் முடங்கிப்போன அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா மறைந்தது 1962-இல். 1963 ஜனவரியில் டெர்வ்லா கிளம்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் எப்படிப்பட்டது தெரியுமா? ஐரோப்பாவே உறைந்துபோன குளிர்காலம். அதற்காக ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட மனமில்லை!

அவருடைய சைக்கிளில் மூன்று கியர் இருந்தது. அதைக் கிளம்புவதற்கு முன்பே கழற்றிப் போட்டுவிட்டார்! ஆசியச் சாலைகளுக்கு அது தாங்காது என்று கணக்கு. ஆக, ஆப்கானிஸ்தான் மலைகளையும் இமயத்தின் ஓரங்களையும் அவர் கடந்தது கியரே இல்லாத சைக்கிளில்! மாற்று டயர்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டார். என்ன மூளை!

சைக்கிளுக்குப் பெயர் ரோஸ். டான் கிஹோட்டேயின் குதிரை ரோசினாந்தேவின் சுருக்கம். கூடவே ஒரு துப்பாக்கி. பனிக்காட்டில் ஓநாய்கள் பாய்ந்தபோது அதை எடுத்துச் சுட்டார். பிழைத்தார்!

அவருக்கு விலா எலும்பு உடைந்தது எங்கே தெரியுமா? மலையில் விழுந்தா? இல்லை. ஆப்கானிஸ்தானில் சைக்கிளை விட்டுப் பஸ்ஸில் ஏறியபோது! உள்ளே நடந்த சண்டையில் துப்பாக்கிக் கட்டை இவர் மேல் பட்டுவிட்டது. சைக்கிள்தான் பத்திரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாபுசர் கணவாய். உயரம் 4,173 மீட்டர். அங்கே பனி மூடியிருந்தது. சைக்கிள் அவரைச் சுமக்கவில்லை, அவர் சைக்கிளைச் சுமந்தார்! பாகிஸ்தான் மலைகளைத் தாண்டி டெல்லி வந்து சேர்ந்தார். வந்ததும் ஊர் திரும்பினாரா? தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளைப் பராமரிக்கப் போய்விட்டார்! 2022-இல், 90 வயதில் மறைந்தார். ஊர் சுற்றி எழுதிய புத்தகங்கள் மட்டும் இருபதுக்கும் மேல்.

எவரெஸ்டுக்கு சைக்கிளில் போன மனிதரைத் தெரியுமா? ஸ்வீடனின் யோரான் க்ரோப். 1995 அக்டோபரில் சொந்த நாட்டிலேயே பெடலை மிதிக்கத் தொடங்கினார். சுமை 108 கிலோ! ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர் ஓட்டி நேபாளம் சேர்ந்தார்.

மே மாதத் தொடக்கத்தில் ஏறினார். உச்சிக்கு மிச்சம் சுமார் 100 மீட்டர்தான். நேரமாகிவிட்டது என்று திரும்பி இறங்கிவிட்டார்! 13,000 கிலோமீட்டர் வந்தவர், 100 மீட்டரை விட்டுக்கொடுத்தார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சில நாளில் அதே மலையில் புயல் அடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். க்ரோப் மறுபடி ஏறினார். 1996 மே 23. ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சி! இறங்கி வந்து என்ன செய்தார்? சைக்கிளை எடுத்தார், ஸ்வீடனைப் பார்த்துத் திருப்பினார்!

உலகத்தை முதன்முதலில் சைக்கிளில் சுற்றியவர் டாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். முன்சக்கரம் ஆள் நெஞ்சு உயரம், பின்சக்கரம் தட்டு அளவு. அந்தக் காலத்து சைக்கிள்! பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். செயின் கிடையாது, கியர் கிடையாது!

மூட்டை? காலுறை, மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி. அவ்வளவுதான்! ராத்திரியில் அந்த மழைக்கோட்டேதான் கூடாரம், அதுவேதான் படுக்கை. சியரா நெவாடா மலையில் பனி கொட்டிக் கிடந்தது. ரயில் தண்டவாளத்துக்கு மேலே போட்ட மரக்கூரைக்கு உள்ளே நுழைந்து இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கும் ஓட்டியிருக்கிறார். 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார்!

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? 1924-இல் பம்பாயிலிருந்து ஃப்ராம்ரோஸ் தாவர் என்ற பார்சி இளைஞர் தனியாகக் கிளம்பினார். வியன்னாவில் ஒரு துணை கிடைத்தது. சகாரா பாலைவனம், ஆண்டீஸ் மலை, அமேசான் காடு! வெள்ளைக்காரன் ஆட்சியில், வரைபடம்கூடச் சரியாக இல்லாத நாளில்! நம் பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?

கியர் வைத்த சைக்கிள் ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று பிரான்ஸில் ஒரு காலம் இருந்தது! 1902-இல் ஒரு பந்தயம் வைத்துப் பார்த்தார்கள். கியர் இல்லாத சைக்கிளில் ஒரு சாம்பியன். கியர் வைத்த சைக்கிளில் மார்த் ஹெஸ் என்ற பெண். பாதை பிரனீஸ் மலை. அந்தப் பெண் வழி முழுக்க ஒரு தடவைகூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை! அப்புறமாவது ஏற்றுக்கொண்டார்களா? டூர் டி ஃபிரான்ஸில் இப்போதைய வகைக் கியரை அனுமதித்தது 1937-இல்தான். 35 ஆண்டுகள்!

1910. அந்தப் பந்தயத்தை முதன்முதலாக உயர்ந்த பிரனீஸ் கணவாய்களுக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். பாதை பார்க்க ஸ்டீனெஸ் என்பவர் போனார். டூர்மாலே கணவாய், 2,115 மீட்டர். கார் பனியில் சிக்கியது. இறங்கி நடந்தார். இருட்டில் பள்ளத்தில் விழுந்தார். செத்துப் பிழைத்தார். பிறகு அனுப்பிய தந்தியில் என்ன எழுதினார் தெரியுமா? சாலை அருமை, தாராளமாகப் போகலாம்!

அந்த டூர்மாலேயில்தான் 1913-இல் யூஜின் கிறிஸ்டோஃப் இறங்கிக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் முறிந்தது. விதி என்ன? யார் உதவியும் கூடாது! சைக்கிளைத் தோளில் போட்டார். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். சேன்ட் மாரி தெ காம்பான் என்ற மலையூர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. கொல்லர் கைகட்டி நிற்க, இவரே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டி ஃபோர்க்கைச் செய்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள்!

கிளம்பும்போது அபராதம் போட்டார்கள்! எதற்கு? துருத்தியை ஒரு பொடியன் ஊதிக் கொடுத்தானாம். வெளியாள் உதவி! எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 1919-லும் 1922-லும் அவருக்கு மறுபடி ஃபோர்க் முறிந்தது. டூர் டி ஃபிரான்ஸை அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது!

இதைக் கேளுங்கள், சிலிர்த்துவிடும். இத்தாலியின் ஜினோ பார்த்தாலி, 1938-இல் டூர் டி ஃபிரான்ஸ் வென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது தனியாக மலையூர்களுக்கு சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருந்தார். பயிற்சி என்று எல்லாரும் நினைத்தார்கள். சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தவை போலி அடையாள அட்டைக்கான காகிதங்களும் படங்களும்! ஃபுளோரன்ஸுக்கும் மலைமேல் இருக்கும் அசிசிக்கும் நடுவே ஓடிய அந்த சைக்கிள், ஒளிந்திருந்த யூதர்களின் உயிரைக் காத்தது. காவலில் நிறுத்தினால், சைக்கிளைத் தொடாதீர்கள், வேகத்துக்காக நுணுக்கமாக முடுக்கியது என்பாராம்!

1948-இல் மறுபடி டூர் டி ஃபிரான்ஸ் வென்றார். பத்து ஆண்டு இடைவெளி! செய்த உதவியை மட்டும் சாகும்வரை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. இஸ்ரேலின் யாத் வஷேம் அவரை கௌரவித்தது 2013-இல். அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து!

சைக்கிள்காரர்களுக்கு என்றே ஒரு மாதா இருக்கிறார்! கோமோ ஏரிக்கு மேலே, கிசால்லோ மலையில் ஒரு குட்டித் தேவாலயம். 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவை சைக்கிள்காரர்களின் பாதுகாவலராக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் சாம்பியன்களின் சைக்கிள்களும் சட்டைகளும்!

அமெரிக்கா போவோம். கனடாவின் ராக்கி மலையில் பான்ஃப் நகர் வழியாக வந்து, நியூ மெக்ஸிகோ எல்லையில் முடிகிறது கிரேட் டிவைட் சைக்கிள் பாதை. பான்ஃபிலிருந்து ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் சாலை! வழியில் மொன்டானாவில் ஓவாண்டோ என்று ஒரு துக்கடா ஊர். அங்கே சைக்கிள்காரர்கள் எங்கே தூங்கலாம் தெரியுமா? பழைய ஜெயிலில்!

அதே பாதையில் பை டவுன். பழப் பை சுட்டு விற்றே பெயர் வாங்கிய ஊர். ஊரில் ஒரு வீட்டு வேலி முழுக்க ரொட்டி சுடும் டோஸ்டர்கள் தொங்கும். கதவு எப்போதும் திறந்திருக்கும். வழிப்போக்கர் யாரும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்!

ஆண்டுதோறும் ஜூனில் இந்தப் பாதையில் ஒரு பந்தயம் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பரிசுத் தொகையும் இல்லை! 2015-இல் லேல் வில்காக்ஸ் என்ற பெண் அதற்கு வந்தார். எப்படி வந்தார்? அலாஸ்காவிலிருந்து சைக்கிளிலேயே, 3,000 கிலோமீட்டருக்கு மேல்! வந்து கையோடு பந்தயத்தையும் ஓட்டிப் பெண்களுக்கான சாதனையை உடைத்தார். 2024-இல் உலகத்தையே சுற்றினார். 108 நாள், 29,000 கிலோமீட்டருக்கும் மேல்!

2019, ஐரோப்பா. பல்கேரியாவின் கருங்கடல் கரையிலிருந்து பிரான்ஸின் மறுமுனைக்கு, ஆல்ப்ஸைத் தாண்டி 4,000 கிலோமீட்டர் பந்தயம். யாருக்கும் வெளியுதவி கிடையாது. 24 வயது ஃபியோனா கோல்பிங்கர், புற்றுநோய் ஆராய்ச்சியாளர். இப்படி ஒரு நெடும்பந்தயம் ஓட்டியதே அதுதான் முதல்முறை. இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்னால் விட்டுவிட்டு முதலில் வந்தார்! நேரம் 10 நாள், 2 மணி, 48 நிமிடம். இரண்டாவதாக வந்தவர் எப்போது வந்தார்? பத்து மணி நேரம் கழித்து!

ஹைன்ஸ் ஸ்டூக்கே என்ற ஜெர்மானியர் 1962-இல் வீட்டைவிட்டுக் கிளம்பினார். நிரந்தரமாக ஊர் திரும்பியது 2014-இல்! சைக்கிள் எடை 25 கிலோ, கியர் மூன்றே மூன்று. ஓட்டிய தூரம் 6 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்!

ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் மேலே ஏறினால் எரிவது சுமார் 940 கலோரி. ஏறக்குறைய 20 இட்லி! ஒரே நாளில் 2,000 மீட்டர் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்னியைக் கணக்கில் சேர்க்கவில்லை!

உச்சியில் பழைய பந்தயக்காரர்கள் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொள்வார்கள். படிக்க அல்ல! வியர்வையில் நனைந்த நெஞ்சில், இறக்கத்தின் குளிர்காற்று அறையாமல் இருக்க. இன்றைக்கும் இது வேலை செய்கிறது!

பொலிவியாவின் யுங்காஸ் சாலையில் அந்த இறக்கம் மட்டுமே 60 கிலோமீட்டருக்கும் மேல். 4,650 மீட்டரில் தொடங்கி 1,200 மீட்டர் வரைக்கும்! மேலே உறைபனி, கீழே வாழைமரம்!

ஆசை வந்துவிட்டதா? ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போங்கள். மணாலியில் இரண்டு நாள் சும்மா இருங்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் ஒரு மீட்டர்கூட மேலே ஏறாதீர்கள், உடனே இறங்குங்கள். பசிப்பதற்கு முன் சாப்பிடுங்கள், தாகம் எடுப்பதற்கு முன் குடியுங்கள். நூறு ஆண்டுக்கு முன் பிரான்ஸின் சைக்கிள் முன்னோடி வெலோசியோ சொன்ன விதி இது, இன்னும் பொய்க்கவில்லை. பஞ்சர் ஒட்டத் தெரியாதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மேலே கணவாயில் சைக்கிள் கடை கிடையாது!